நீர்மூழ்கிக்குள் வந்த நாலாவது ஆள்

பேய் பிசாசு என்றால், ஒஸ்லோவில் எங்கள் குரோருட் அடுக்குமாடியில் அது நான்தான். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் லைட்டை நூர்த்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருந்து நான் வெருட்டாத அன்ரிமார் அந்தக் கட்டடத்தில் இல்லை. அதனால் இந்தக் கதையை நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நீங்களும் நம்பப்போவதில்லை, பரவாயில்லை, ஆனால் இடையில் சிரிக்க மட்டும் வேண்டாம், ஏற்கெனவே இந்த விஷயத்தில் எனக்கு விசர் பிடிக்காத குறை.

மொபைலில் படம் எடுத்தால் அது மனிதரா மரமா என்று தெரியாத காலம் அது. எனக்கு இருபது வயது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் பாதியில் விட்டுவிட்டு, ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு டயர்க் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்கா சுதா எனக்கு நேர் எதிர், ஒழுங்காகப் படித்து மருந்துக்கடையில் வேலை. அவளுக்கு கார்த்திக் என்று ஒருவனைப் பிடித்திருந்தது. கோயம்புத்தூர்க்காரன், ஒஸ்லோவில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறான், என்ன ஆராய்ச்சி என்று எனக்கு எத்தனையோ தரம் விளக்கிவிட்டான், ஒவ்வொரு தரமும் நான் நித்திரை.

இருவரும் பழகியது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோயிலில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் கொண்டுவந்த சம்பந்தம் போல ஒரு நாடகம் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அரை மனம். "இந்தியாக்காரர் எண்டா, அவையின்ரை பேச்சும் எங்கடை பேச்சும் ஒத்துவருமே?" என்பார். கார்த்திக்கின் அம்மாவுக்கு அந்த அரை மனமும் இல்லை, ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் கணவரோடு ஒஸ்லோவுக்கு விமானம் ஏறியிருந்தார். அவர்கள் திரும்பிப் போக இரண்டே நாள் இருந்தது. போனால் அந்தப் பெண்தான், அக்கா கதை முடிந்தது. ஆக மிச்சம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கார்த்திக்கின் அப்பா நீர்மூழ்கிக் கப்பல் பார்க்க ஒதுக்கிவிட்டார். மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், இரும்பு எங்கே கிடந்தாலும் போய்த் தடவிப் பார்க்க வேண்டும். ஒஸ்லோவில் இருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம் போனால் ஹோர்ட்டன், அங்கே ஓடி முடிந்த ஒரு நீர்மூழ்கியைக் கரையில் ஏற்றி வைத்து மியூசியமாகக் காட்டுகிறார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே, பெண் பார்ப்பதைக் கோயிலிலோ கடைத்தெருவிலோ தற்செயலாகச் சந்தித்த மாதிரி வைப்பார்கள், சரிவராவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை. அப்படித் தற்செயலாக நீர்மூழ்கிக்குள் சந்திப்பதென்று முடிவாயிற்று. பட்டுச்சீலையோடு தற்செயலாக யார் நீர்மூழ்கிக்குள் போவார்கள் என்று நான் கேட்டேன், அக்கா செருப்பால் எறிந்தாள்.

காலையில் வெளிக்கிடும் நேரம் தொலைபேசி. எங்களோடு வருவதாக இருந்த சித்தப்பா, முதல் நாள் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் என்ன குடித்தாரோ, எழும்பவே முடியவில்லை என்றார். அப்பா பஸ் ஓட்டுகிறவர், அவருக்கு அன்று வேலை. அம்மா, அக்கா, நான். எண்ணிப் பார்த்ததும் அம்மா அப்படியே சப்பாத்து வைக்கும் பெட்டியில் இருந்துவிட்டார்.

"மூண்டு பேராப் போறேல்லை."

"அம்மா, பிளீஸ்" என்றாள் அக்கா.

"நல்ல காரியத்துக்கு மூண்டு பேர் படி இறங்கினா அது உருப்படாது. சித்தப்பாவுக்குச் சுகமானாப் பிறகு போவம்."

"அவை நாளையிண்டைக்கு ஊருக்குப் போகினம் அம்மா!"

"அப்ப விதி இல்லையெண்டு நினைப்பம்."

அந்த அரை மனம் தேடிக்கொண்டிருந்த சாட்டுக் கிடைத்துவிட்டது. அக்கா கண்ணை விரித்து மேலே பார்த்துக்கொண்டு நின்றாள், கீழே பார்த்தால் மை கரையும் என்று. எனக்கு வந்த எரிச்சலுக்கு, வாசல் கதவை அகலத் திறந்து வெளியில் பார்த்துக் கும்பிட்டேன்.

"வாங்கோ சின்னராசா அங்கிள்! நல்ல நேரம் வந்தியள், நாலாவது ஆள் இல்லாமல் நிக்கிறம்."

சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் சொந்தத்தில், தெருவில், கோயிலில், எங்கேயும் அப்படி ஒரு சின்னராசா கிடையாது. வாயில் வந்த பெயர். அம்மா ஏசப்போகிறார் என்று பார்த்தால், வெறும் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பினார்.

"விளையாட்டெண்டாலும் ஒழுங்காச் செய். காரிலை அவருக்கு இடம் விடு."

சாத்திரத்துக்கு ஒரு ஓட்டை கிடைத்தால் போதும் எங்கள் அம்மாவுக்கு. நானும் ஒழுங்காகவே செய்தேன். எங்கள் பழைய கொரொல்லாவின் பின் கதவைத் திறந்து, "பாத்து ஏறுங்கோ அங்கிள், உங்களுக்கு முழங்கால் வருத்தமெல்லோ" என்று கையைப் பிடித்து ஏற்றி, பின் சீற்றில் நடுவில் இருத்தி, பெல்ட்டையும் இழுத்துப் பூட்டிவிட்டேன். பக்கத்தில் அக்கா. அம்மா முன்னுக்கு. வழியெல்லாம் நான் விடவில்லை. பெற்றோல் அடிக்க நிறுத்தின இடத்தில், "அங்கிளுக்கு ஒரு சொசேஜ் வேணுமாம்" என்றேன்.

"நல்ல காரியத்துக்குப் போகேக்கை மச்சம் மாமிசம் வேண்டாமெண்டு சொல்லு."

"கோவிக்கிறார் அம்மா."

"கோவிக்கட்டும்."

அக்காவும் சிரித்துவிட்டாள். அது வரைக்கும் எல்லாம் பகிடிதான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோர்ட்டனில் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, "இறங்குங்கோ அங்கிள்" என்று சொன்னதும் நான்தான். கார்த்திக் வீட்டார் அந்த நேரம் அங்கே இல்லை, கப்பல் வாசலில் நின்றார்கள், இதில் ஒரு சொல்லும் அவர்கள் காதில் விழ வழியில்லை. இதைக் குறித்து வையுங்கள்.

நீர்மூழ்கி நான் நினைத்ததை விடச் சின்னது. கறுத்த பெரிய கத்தரிக்காய் ஒன்றைக் கட்டைகளில் தூக்கி வைத்த மாதிரி. வாசலில் வழிகாட்டி, ஒரு நோர்வேக் கிழவர், அந்தக் காலத்தில் இதே மாதிரிக் கப்பலில் கடலுக்கு அடியில் போனவராம். கடலுக்கு அடியில் போகுமுன் ஆள் எண்ணாமல் மூடியை மூடுவதில்லை, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று சொல்லி, உள்ளே போகும் ஒவ்வொருவரின் தோளிலும் தட்டித் தட்டி எண்ணினார். 'ஏன், தூ, த்ரே', அதாவது ஒன்று, இரண்டு, மூன்று. நோர்வே மொழியில் ஆறுக்கு 'செக்ஸ்' என்று சொல்வார்கள். அதை அவர் கார்த்திக்கின் அப்பாவின் தோளில் தட்டிச் சொல்ல, மனிதர் துள்ளிப்போய் மகனைப் பார்த்தார். நான் அதற்கு வயிறு பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்ததில், கிழவர் அதோடு நிறுத்தாமல் 'ஷூ' என்று ஏழும் சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர மண்டையில் வாங்கவில்லை. நாங்கள் மூன்று, அவர்கள் மூன்று. தன்னையும் சேர்த்து எண்ணுகிறாராக்கும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போன பிறகு எனக்கு வந்த எரிச்சலை எழுதி முடியாது. டீசல் மணம், குனிந்தால் முதுகு இடிக்கும், நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஓர் அறையில் இருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமாக ஒரு ஓட்டை, அதற்குள்ளால் அம்மாவைப் பட்டுச்சீலையோடு அனுப்புவதற்கு நான் முன்னால் இழுக்க அக்கா பின்னால் தள்ள வேண்டியிருந்தது. ஏதோ ஒரு வால்வின் பிடியில் முந்தானை மாட்டி, "உது கிழிஞ்சா உன்ரை தோலை உரிப்பன்" என்று எனக்கு ஏச்சு. நான் என்ன, கப்பலைச் செய்தேனா?

கார்த்திக்கின் அப்பாவோ அணுசக்தி, அணுசக்தி என்று ஒரே நிலை.

"ரியாக்டர் எங்கப்பா இருக்கு? கேளு அவர."

கார்த்திக் கேட்டான். இது டீசலும் பற்றரியும்தான், நோர்வேயிடம் அணு நீர்மூழ்கி ஒருநாளும் இருந்ததில்லை என்றார் கிழவர்.

"சொல்ல மாட்டாங்க. ராணுவ ரகசியம்" என்று எனக்குக் கண்ணடித்தார் அவனுடைய அப்பா. நாலாம் தரமும் டீசல் என்று சொன்னபோது கிழவரின் முகம் எரிந்த டயர் மாதிரி ஆகிவிட்டது.

கார்த்திக்கின் அம்மா ஒரு சொல் பேசவில்லை. அக்கா வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்று, முன் பக்கம் குண்டுகள் வைக்கும் அறையில் இருக்கிற படுக்கை ஒன்றில் இருந்துவிட்டார். இரும்புச் சட்டத்தில் கன்வஸ் துணி கட்டிய, ஒன்றுக்கு மேல் ஒன்றான படுக்கைகள். ஆட்களுக்குப் படுக்கை காணாது, ஒருவன் எழும்பக் காவல் முடிந்த அடுத்தவன் அதே சூட்டில் படுப்பான், அந்தப் படுக்கைகள் ஒருநாளும் குளிர்ந்ததில்லை என்று கிழவர் சொல்லிக்கொண்டே எங்களை நடு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேதான் எல்லாம் கவிழத் தொடங்கியது. அம்மா கார்த்திக்கின் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கடை மனிசி ஏன் கதைக்கிறாவில்லை? எங்களைப் பிடிக்கேல்லையோ?"

"அப்படியெல்லாம் இல்லைங்க. அவளுக்கு ஊர்ல ஒரு பொண்ணு..." என்று உண்மையைப் பாதி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

"ஊரிலை பொம்பிளை பாத்து வைச்சிட்டோ எங்களை இந்தத் தகரத்துக்குள்ளை வரச் சொன்னனீங்கள்? சுதா, வா போவம்."

கார்த்திக் பெரிஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு மூழ்குகிறவன் மாதிரி நின்றான். அக்கா என்னைப் பார்த்தாள், ஏதாவது செய்யடா என்று. வாழ்க்கையில் முதல் தரமாக என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

அந்த நேரம்தான் கார்த்திக்கின் அம்மா அந்த வட்ட ஓட்டையால் குனிந்து வந்தார். முகம் வேறு முகமாக இருந்தது. நேரே அக்காவிடம் போய், கன்னத்தைத் தொட்டு, தன் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார்.

"எனக்குச் சம்மதங்க. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்."

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"உங்க மாமா எல்லாம் சொன்னாருங்க" என்றார் அவர். "இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வந்தா உங்க மகன் வீட்டுக்கு வர்ற மாதிரி, இல்லாட்டி மகனும் இல்லைன்னு நெனச்சுக்கோங்கன்னாரு. சுருக்குன்னுச்சு. சரியாத்தானே சொன்னாரு."

"எந்த மாமா?" என்றேன்.

"அதான் தம்பி, அங்க முன்னால எனக்கு எதிர்ல உட்கார்ந்திருக்காரே. உங்க பாஷைதான் பேசுறாரு, பாதி எனக்குப் புரியல. முழங்கால் வலிக்குதாம், நீங்க போங்க, தம்பி வந்து கூட்டிட்டுப் போவான்னாரு."

அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு நொடி முகம் வெளுத்தது. நான் "அங்கை ஒருத்தரும்" என்று தொடங்கியதும், அக்கா என் கையில் நகத்தால் கிள்ளினாள் பாருங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. வாயை மூடு என்று அர்த்தம். மூடினேன். பிறகு எல்லோரும் சிரிப்பும் கதையுமாக வெளியே வந்தார்கள், நானும் வந்தேன், கிழவர் வாசலில் நின்று தோளில் தட்டித் தட்டி எண்ணினார். ஆறில் நிறுத்தினார்.

"ஒருவர் உள்ளே இருக்கிறார்" என்றார் நோர்வே மொழியில்.

"இல்லை, நாங்கள் ஆறு பேர்தான்."

"பையா, நான் ஆள் எண்ணத் தொடங்கியபோது நீ பிறக்கவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வா, நான் சாப்பிடப் போக வேண்டும்."

மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுத்தால் மாமா எங்கே என்ற கேள்வி வரும். "போய்க் கூட்டிக்கொண்டு வா தம்பி" என்று அம்மாவே சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு. போனேன். தனியாக.

முன் அறையில் ஒருவரும் இல்லை. கார்த்திக்கின் அம்மா இருந்த படுக்கை சீலை உரசின அடையாளத்தோடு கிடந்தது. அதற்கு எதிர்ப் படுக்கையில் கன்வஸ் நடுவில் பள்ளமாக இருந்தது, ஆள் இருந்தால் எப்படிப் பள்ளமாகுமோ அப்படி. பழைய துணி, தொய்ந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையை வைத்தேன். சூடு. இரும்பெல்லாம் சில்லென்று கிடக்கிற இடத்தில், வீட்டுக் கதிரையில் இருந்து அப்பா எழும்பின உடனே நாங்கள் இருந்தால் இருக்குமே, அந்தச் சூடு.

எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் வந்தது, நம்பினால் நம்புங்கள். நான் சும்மா விட்ட பகிடி, என் பகிடியில் நீ யார் வந்து இருக்க?

"சரி வாங்கோ அங்கிள், போவம்" என்றேன்.

கன்வஸ் மெதுவாக மேலே எழும்பிச் சமமாயிற்று.

பிறகு எத்தனை இடத்தில் தலையை இடித்தேன் என்று தெரியாது. வெளியே பாய்ந்து வந்தபோது கிழவர் என் தோளில் தட்டி 'செக்ஸ்' என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, எனக்குப் பின்னால் இன்னொரு தரம் கையை நீட்டித் தட்டி, 'ஷூ' என்று சொல்லிக் கதவை மூடினார். தட்டின சத்தம் கேட்டது. துணியில் கை பட்டால் வருமே, அந்தச் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் என்றால் பார்த்திருப்பீர்களோ?

திரும்பும்போதும் மூன்று பேராகப் போகக் கூடாதென்று, அம்மா கார்த்திக்கை எங்கள் காரில் வரச் சொன்னார். அவனுடைய அப்பா அம்மாவை, காலையில் அவர்களைக் காரில் கொண்டுவந்து விட்ட நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். நாலு பேர் ஆகிவிட்டதுதானே, நான் பின் கதவை ஒருவருக்கும் திறந்துவிடவில்லை, எவரையும் அங்கிள் என்று கூப்பிடவும் இல்லை. அம்மா வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பின்னால் இருவருக்கும் நடுவில் மரியாதையாக ஓர் இடைவெளி இருந்ததில் அவருக்குச் சந்தோஷம். குரோருட்டில் எல்லோரும் இறங்கிய பிறகு நான் பின் சீற்றைப் பார்த்தேன். நடுப் பெல்ட் பூட்டியிருந்தது.

"ஆரக்கா உதைப் பூட்டினது?"

"எனக்கென்ன தெரியும்? நடுவிலை இடமே இருக்கேல்லை, கதவோடை ஒட்டிக்கொண்டு வந்தனான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே என்னைப் பார்த்தாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

கலியாணம் நடந்தது, நன்றாகவே நடந்தது. ஆனால் கார்த்திக்கின் அம்மா விடுகிற ஆள் இல்லை. மண்டபத்தில், "சின்னராசா மாமா எங்க, காணோம்?" என்று கேட்டார். அந்தப் பெயரை அவருக்கு நான் சொல்லவில்லை. அம்மாவும் அக்காவும் தாங்களும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். கனடா போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு யாராவது ஊரில் இருந்து வந்தால் அவருக்கென்று ஒரு வேட்டி வந்து சேரும். என் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன், வேறென்ன செய்ய?

போன மாதம் பதின்மூன்றாவது வேட்டி வந்தது. இதற்கு மேல் ஏலாது என்று, சாப்பாட்டு மேசையில் அப்பா, அம்மா, அக்கா, அத்தான் எல்லோரையும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் உடைத்தேன். அப்படி ஒரு ஆள் இல்லை, நான் வாசலில் நின்று வாய்க்கு வந்ததைச் சொன்னது, நாங்கள் மூன்று பேர்தான் போனோம் என்று.

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா, "இவன்ரை பகிடிக்கு ஒரு அளவில்லை" என்று எழும்பிக் கை கழுவப் போனார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் அம்மாவைப் பிடித்தேன், அவர்தானே சாட்சி.

"அம்மா, நீங்களே சொல்லுங்கோ. சித்தப்பா வரேல்லை. நாங்கள் மூண்டு பேர்தானே போனனாங்கள்?"

அம்மா பகிடி விடத் தெரியாத மனிசி. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குக் காய்ச்சலோ என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"உனக்கென்ன விசரே? மூண்டு பேர் எண்டா நான் படி இறங்கியிருப்பனே?"

"அப்ப நாலாவது ஆள் ஆர்?"

"அவர்தான், முழங்கால் ஏலாத மனிசன். நீதானே கையைப் பிடிச்சுக் காரிலை ஏத்தினனி."